மழையை மடக்கிப் பிடிக்கலாமா?

உங்களுக்கு ஒரு கணக்கு.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மறுநாள் காலை மழையை அளந்து பார்த்தவர்கள் அசந்து போனார்கள். 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை! அதற்கு முன் புதுச்சேரியில் ஒரே நாளில் பெய்த அதிக மழை, 2004 அக்டோபர் 31-இல் பதிவான 21 சென்டிமீட்டர்தான். பழைய சாதனையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். சில இடங்களில் மக்களைப் படகில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை. செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் பார்த்திருப்பீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் வீட்டு மொட்டை மாடி 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளில் அந்த மாடியின் மேல் மட்டும் எத்தனை லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கும்?

யோசியுங்கள். விடை பிறகு வருகிறது. அதற்கு முன் ஒரு கதை கேட்போம்.

குளம் வெட்டிய ஆயி

புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? கடற்கரைக்குப் பக்கத்தில், ஆளுநர் மாளிகைக்கு எதிரே பாரதி பூங்கா இருக்கிறது. அதன் நடுவில் வெள்ளை வெளேர் என்று ஒரு மண்டபம். அதன் பெயர் ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இதே மண்டபம்தான்.

யார் அந்த ஆயி? ராணியா? இல்லை. போரில் வென்ற வீராங்கனையா? அதுவும் இல்லை.

பல நூறு ஆண்டுகளுக்கு முன், விஜயநகர மன்னர் ஒருவர் இந்தப் பக்கம் வந்தாராம். அவர் கிருஷ்ணதேவராயர் என்று சொல்வார்கள். மாலை நேரம். தூரத்தில் விளக்குகள் ஜொலிக்கும் அழகான ஒரு மாளிகை தெரிந்தது. கோயில் என்று நினைத்த மன்னர் கைகூப்பி வணங்கினார். பிறகுதான் தெரிந்தது, அது ஆயி என்ற பெண்ணின் வீடு என்று! மன்னருக்குக் கோபம் வந்துவிட்டது. "இடித்துத் தள்ளுங்கள் அந்த வீட்டை!" என்று கட்டளையிட்டார்.

ஆயி அழுது புலம்பவில்லை. "என் வீட்டை நானே இடித்துவிடுகிறேன். அந்த இடத்தில் ஊருக்காக ஒரு குளம் வெட்ட அனுமதி கொடுங்கள்" என்று கேட்டாராம். மன்னர் சம்மதித்தார். வீடு போனது. குளம் வந்தது. அந்த இடம் இன்றைய முத்திரையர்பாளையம்.

காலம் ஓடியது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. கடலை ஒட்டிய நகரத்தில் நல்ல குடிநீருக்குப் பஞ்சம். மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில் (1852 - 1870), லாமைரெஸ் என்ற பொறியாளர் முத்திரையர்பாளையத்திலிருந்து கால்வாய் மூலம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். ஆயியின் கதையைக் கேள்விப்பட்ட நெப்போலியன், அந்தப் பெண்ணின் நினைவாக மண்டபம் கட்டச் சொன்னார் என்கிறார்கள்.

மன்னரும் மாளிகையும் செவிவழிக் கதை. ஆனால் முத்திரையர்பாளையத்துத் தண்ணீரும் பூங்காவில் நிற்கும் மண்டபமும் நிஜம். தண்ணீர் கொடுத்த ஒரு பெண்ணை ஒரு ஊரே தன் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. ஏன் தெரியுமா? அந்த ஊருக்குத் தண்ணீரின் அருமை அப்படி!

வற்றாத ஆறு இல்லாத ஊர்

தஞ்சாவூருக்குக் காவிரி உண்டு. திருநெல்வேலிக்குத் தாமிரபரணி உண்டு. புதுச்சேரிக்கு?

செஞ்சிப் பக்கமிருந்து சங்கராபரணி ஆறு வருகிறது. தெற்கே தென்பெண்ணை ஓடுகிறது. ஆனால் இரண்டிலும் ஆண்டு முழுவதும் தண்ணீர் இருக்காது. மழைக்காலத்தில் கரைபுரளும். கோடையில் மணல்தான் தெரியும்.

அதனால்தான் அந்தக் காலத்து மக்கள் ஏரிகளை வெட்டி வைத்தார்கள். புதுச்சேரிப் பகுதியில் மட்டும் 84 ஏரிகள் கணக்கில் இருக்கின்றன. பெரியது ஊசுடு ஏரி. குளிர்காலத்தில் வெளியூர்ப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் ஏரி அது. அடுத்தது பாகூர் ஏரி. மழைத் தண்ணீர் இந்த ஏரிகளில் தங்கும். மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கும். அந்த நிலத்தடி நீர்தான் கிணற்றிலும் ஆழ்குழாயிலும் நமக்குக் கிடைக்கிறது. புதுச்சேரி நகரத்தின் குழாய்களில் இத்தனை காலம் வந்ததெல்லாம் நிலத்தடியிலிருந்து இறைத்த தண்ணீர்தான்.

இப்போது என்ன ஆயிற்று? வீடுகள் பெருகின. மோட்டார்கள் பெருகின. முற்றம், தெரு, பள்ளி மைதானம் எல்லாம் சிமெண்ட் ஆயிற்று. மேலிருந்து வருகிற மழை உள்ளே இறங்க வழியில்லை. அது பெரிய வாய்க்கால், உப்பனாறு வழியாக நேராகக் கடலுக்குப் போய்விடுகிறது. ஆனால் கீழிருந்து இறைப்பது மட்டும் நிற்கவில்லை. உண்டியலில் காசு போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

உண்டியல் காலியாகும் என்கிறீர்களா? கடலோர ஊரில் அதைவிட மோசமான ஒன்று நடக்கும். உண்டியலுக்குள் வேறொருவர் நுழைந்துவிடுவார்!

கிணற்றுக்குள் கடல்

அந்த வேறொருவர் யார்? கடல்தான்.

கடற்கரை மண்ணுக்கு அடியில் மழையால் வந்த நல்ல தண்ணீரும், கடலிலிருந்து வந்த உப்புத் தண்ணீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கனமானது. அதனால் அது கீழே இருக்கும். நல்ல தண்ணீர் அதன் மேல் மிதக்கும்.

நம்ப முடியவில்லையா? வீட்டிலேயே செய்து பாருங்கள்.

ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி அளவு தண்ணீர் எடுங்கள். மூன்று கரண்டி உப்புப் போட்டுக் கலக்குங்கள். இரண்டு சொட்டு நீல மை விடுங்கள். இதுதான் கடல். இப்போது ஒரு கரண்டியைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின் மேல் நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். அவசரப்படக் கூடாது! கீழே நீலம், மேலே தெளிந்த நீர் என்று இரண்டு அடுக்காக நிற்கும். இப்போது மேலே உள்ள தெளிந்த நீரைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே வாருங்கள். நல்ல தண்ணீர் மெலிய மெலிய, நீலம் கரண்டிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு கட்டத்தில் கரண்டியில் நீலத் தண்ணீரே வரும். (இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கீழே ஊற்றிவிடுங்கள்.)

கடலோரக் கிணறுகளில் நடப்பதும் இதுதான். நூறு ஆண்டுகளுக்கு முன்பே நெதர்லாந்தில் கைபன், ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் இதற்கு ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள். நிலத்தடியில் நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரம் நின்றால், அது உப்புத் தண்ணீரைச் சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு அழுத்தி வைத்திருக்குமாம்!

ஒன்றுக்கு நாற்பது! நல்ல செய்திதானே? ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். நல்ல தண்ணீர் 1 மீட்டர் இறங்கினால் உப்புத் தண்ணீர் 40 மீட்டர் மேலே ஏறிவிடலாம். ஒருமுறை உப்பு ஏறிய கிணற்றைப் பழையபடி நல்ல கிணறாக்குவது லேசான வேலை இல்லை. பல ஆண்டுகள் பிடிக்கும்.

புதுச்சேரியின் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பாக மாறி வருவது பெரியவர்களைக் கவலைப்பட வைத்திருக்கிறது. நிலத்தடி நீரைக் கண்டபடி எடுக்காமல் கட்டுப்படுத்த 2002-ஆம் ஆண்டு புதுச்சேரியில் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள்.

சட்டம் பெரியவர்கள் வேலை. மழையைப் பிடிப்பது? அதில் நமக்கும் பங்கு உண்டு!

முற்றத்து அண்டா

மழையைப் பிடிப்பது புது வித்தை அல்ல. புதுச்சேரியின் தமிழர் பகுதியில், வைசியாள் வீதி போன்ற தெருக்களில், பழைய வீடுகள் இன்றும் இருக்கின்றன. வாசலில் திண்ணை. உள்ளே போனால் நடுவில் வானம் தெரியும் முற்றம். முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ஓட்டுக் கூரை உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மழை பெய்தால் நான்கு பக்கத் தண்ணீரும் முற்றத்தில் வந்து கொட்டும்.

அந்த இடத்தில் அண்டா, குண்டான், தவலை என்று வீட்டில் உள்ள பெரிய பாத்திரங்களை எல்லாம் வரிசையாக வைத்துவிடுவார்கள். முதலில் கூரையைக் கழுவிக்கொண்டு வரும் அழுக்குத் தண்ணீரை விட்டுவிடுவார்கள். பிறகு வருவதைப் பிடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி வைத்துக்கொள்வார்கள். "மழைத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும்" என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பார். கேட்டுப் பாருங்கள்.

பாட்டி சொன்னது சரிதான்! நிலத்தடி நீர் பாறை, மண் வழியாக வரும்போது கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது இந்த உப்புகள்தான். அந்த உப்புகள் பருப்பை வேகவிடாது. சோப்பை நுரைக்கவிடாது. மழை நீரோ ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து வந்த நீர். அதில் இந்த உப்புகள் மிகக் குறைவு.

இதையும் சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில் பாதி அளவு மழை நீர். இன்னொன்றில் அதே அளவு ஆழ்குழாய்த் தண்ணீர். இரண்டிலும் துணி சோப்புக் கட்டியிலிருந்து ஒரே அளவு சீவல் போட்டு, மூடிக் குலுக்குங்கள். நுரை எதில் அதிகம்? விடையை நான் சொல்ல மாட்டேன்!

கணக்குக்கு விடை

இப்போது முதலில் கேட்ட கணக்குக்கு வருவோம். ஒரே ஒரு சூத்திரம் போதும்.

1 சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால், 1 லிட்டர் தண்ணீர்.

10 மீட்டருக்கு 10 மீட்டர் மாடி என்றால் 100 சதுர மீட்டர். 46 சென்டிமீட்டர் என்றால் 460 மில்லி மீட்டர். பெருக்குங்கள். 46,000 லிட்டர்! மாடியில் கறுப்பாக நிற்கிறதே 1,000 லிட்டர்த் தொட்டி, அதைப் போல 46 தொட்டி நிறையும். ஒரே வீட்டில். ஒரே நாளில்!

புயல் எப்போதாவதுதான் வரும். சாதாரண ஆண்டுக்குக் கணக்குப் போடுவோம். புதுச்சேரியில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லி மீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கொட்டிவிடும்.

100 x 1,200 = 1,20,000 லிட்டர். சிதறுவது, காய்வது, முதலில் விட்டுவிடுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவோம். மீதி 96,000 லிட்டர்.

நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தேவை என்று நம் நாட்டில் கணக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டில் நான்கு பேர் என்றால் 540 லிட்டர். 96,000-ஐ 540-ஆல் வகுத்தால் 177 நாள் வருகிறது. ஏறக்குறைய ஆறு மாதத் தண்ணீர் உங்கள் தலைக்கு மேலேயே விழுகிறது!

அவ்வளவையும் சேர்த்து வைக்க வீட்டில் இடம் இருக்காது. ஆகவே இரண்டு வேலை செய்ய வேண்டும். கொஞ்சத்தைத் தொட்டியில் பிடித்துப் பயன்படுத்த வேண்டும். மீதியை நிலத்துக்குள் அனுப்ப வேண்டும்.

பிடிப்பது எப்படி?

அப்பா, அம்மாவோடு சேர்ந்து செய்யுங்கள். தனியாக மாடி விளிம்புக்குப் போகவே கூடாது.

1. மழைக்காலம் தொடங்கும் முன், புரட்டாசி மாதத்திலேயே மொட்டை மாடியைப் பெருக்கிக் கழுவுங்கள். காய்ந்த இலை, பறவை எச்சம், உடைந்த பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் வலை போடுங்கள்.

2. முதல் மழையைப் பிடிக்காதீர்கள். அது கூரையையும் காற்றையும் கழுவி வரும் அழுக்குத் தண்ணீர். அடுத்து வரும் மழைகளிலும் முதல் பத்துப் பதினைந்து நிமிடத் தண்ணீரை விட்டுவிடுங்கள். மழைநீர்க் குழாயில் மூடி போட்ட ஒரு கிளைக்குழாய் வைத்துவிட்டால், அழுக்கு நீரை அதன் வழியே வெளியே விடலாம்.

3. வடிகட்டி ஒன்று செய்யுங்கள். ஒரு டிரம்மின் அடியில் தண்ணீர் வெளியே வரக் குழாய். அதன் மேல் கூழாங்கல், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் கழுவிய கரி, கடைசியில் கழுவிய ஆற்று மணல். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் நைலான் வலை. மேலே வரும் மழை நீர் ஒவ்வொரு அடுக்காக இறங்கி, தெளிந்து வெளியே வரும்.

4. சேமிக்க 200 லிட்டர் நீல டிரம் போதும். ரசாயனம், பூச்சிமருந்து இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். செங்கல் மேடை கட்டி அதன் மேல் வைத்தால், குழாயின் கீழே வாளி வைக்க வசதி. 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ எடை. அப்படியானால் நிறைந்த டிரம் 200 கிலோ! ஆகவே சன்ஷேடு மேலோ, கைப்பிடிச் சுவர் மேலோ வைக்கக் கூடாது.

5. மூடி மிக முக்கியம். வெளிச்சம் பட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கும். மூடாமல் விட்டால் இன்னொரு விருந்தாளியும் வந்துவிடுவார். யார்? கொசு! டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே டிரம்முக்கு இறுக்கமான மூடி. குழாய் நுழையும் இடத்தில் சந்து இல்லாமல் கொசுவலைத் துணி. வீட்டில் தவழும் தம்பி, தங்கை இருந்தால் மூடி திறக்க முடியாதபடி இருக்க வேண்டும்.

ஒரு வாளி, மூன்று வேலை!

பிடித்தாயிற்று. இனி என்ன செய்யலாம்?

மழை நீர் ஒரு வாளி எடுங்கள். சோப்புப் போட்ட துணியை அதில் அலசுங்கள். மழை நீரில் சோப்பு நன்றாக நுரைக்கும் என்பதால், சோப்பும் குறைவாகவே பிடிக்கும். அலசிய தண்ணீரைக் கொட்டாதீர்கள். அதில் வாசலையும் தாழ்வாரத்தையும் கழுவலாம். மிஞ்சும் அழுக்குத் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றலாம். கழிவறையில் ஒருமுறை தண்ணீர் திறந்துவிட்டாலே ஆறிலிருந்து பத்து லிட்டர் வரை போகும். அதற்கு நல்ல குடிநீர் எதற்கு?

இன்னொரு வாளி. காய்கறிச் செடி, துளசி மாடம், முருங்கைக் கன்றுக்கு ஊற்றுங்கள். ஆழ்குழாயில் உப்பு அதிகமாக இருந்தால் தொட்டிச் செடிகளின் மண்ணில் வெள்ளையாகப் பூக்கும். செடி வாடும். மழை நீர் அந்த உப்பைக் கரைத்து இறக்கிவிடும். செடிக்கு ஒரே கொண்டாட்டம்!

அப்பாவின் வண்டி, உங்கள் சைக்கிள், ஜன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை எல்லாம் துடைக்கவும் மழை நீர் நல்லது. துடைத்த பிறகு உப்புக் கறை இருக்காது. வாளியில் துணியை நனைத்துத்தான் துடைக்க வேண்டும். குழாய் பிடித்துப் பீய்ச்சியடிக்கக் கூடாது.

குடிக்கலாமா? டிரம்மில் பிடித்த தண்ணீரை நீங்களாக எடுத்துக் குடிக்காதீர்கள். கூரையில் பறவை எச்சமும் தூசியும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கலாம். சுத்தமாக வடிகட்டி, நன்கு கொதிக்க வைத்து, பெரியவர்கள் சரி என்று சொன்னால் மட்டுமே குடிக்கலாம்.

டிரம் நிறைந்த பிறகு?

அடைமழையில் 200 லிட்டர் டிரம் சில நிமிடங்களில் நிறைந்துவிடும். மிஞ்சும் தண்ணீரை எங்கே விடுவது? இதில்தான் கடலைத் தடுக்கும் ரகசியம் இருக்கிறது!

வீட்டில் பழைய கிணறு இருந்தால் அதிர்ஷ்டம். குப்பை போட்டு மூடிவிடாதீர்கள். வடிகட்டிய மழை நீரைக் குழாய் வழியாக அதில் இறக்கலாம். கிணறு இல்லையா? தோட்டத்து மூலையில் ஒரு குழி வெட்டி, அடியில் உடைந்த செங்கல், அதன் மேல் ஜல்லி, மேலே மணல் போட்டு, டிரம்மில் வழியும் தண்ணீரை அதற்குள் விடலாம். மணல் கலந்த மண்ணில் தண்ணீர் விறுவிறு என்று இறங்கும். சுவருக்கு ஒட்டினாற்போலவோ, கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்திலோ குழி வெட்டக் கூடாது. சோப்புத் தண்ணீரையும் கிணற்றிலோ குழியிலோ விடவே கூடாது.

இப்படி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இறங்கும் நல்ல தண்ணீர், கீழே உள்ள உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தும். ஒன்றுக்கு நாற்பது கணக்கு நினைவிருக்கிறதா?

மழை மனிதரும் மல்யுத்த அரங்கமும்

பக்கத்திலுள்ள சென்னையில் சேகர் ராகவன் என்பவர் இருக்கிறார். இயற்பியல் படித்தவர். 1990-களில் பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய், "மழை நீரை நிலத்துக்குள் விடுங்கள், கடல் நீர் உள்ளே வராது" என்று சொன்னார். பெரும்பாலானவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் விடவில்லை. 2002-இல் சென்னையில் மழை இல்லம் என்று ஒரு மையம் தொடங்கப்பட்டது. மழை நீர் சேகரிப்பை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இடம் அது. 2003-இல் தமிழகம் முழுவதும் எல்லாக் கட்டடங்களிலும் மழை நீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது.

ஆனால் குழாய் போட்டால் மட்டும் போதாது நண்பர்களே! பல வீடுகளில் குழி தூர்ந்தது. குழாய் அடைத்தது. யாரும் கவனிக்கவில்லை. 2019-இல் மழை பொய்த்தபோது சென்னையின் ஏரிகள் வறண்டு போய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வர வேண்டியதாயிற்று. சேகரிப்புத் தொட்டியை ஆண்டுதோறும் சுத்தம் செய்வது எவ்வளவு முக்கியம் என்று தெரிகிறதல்லவா?

கடல் தாண்டியும் போய் வருவோமா? அட்லாண்டிக் கடலில் பெர்முடா என்று ஒரு தீவு. அங்கே ஆறே கிடையாது. அதனால் வீட்டுக் கூரையில் மழையைப் பிடித்தே தீர வேண்டும் என்பது அங்கே சட்டம். கூரைகள் எல்லாம் படிப்படியாக, சுண்ணாம்பு பூசி வெள்ளையாக இருக்கும். தண்ணீர் படிகளில் மெல்ல இறங்கி வீட்டுக்கு அடியிலுள்ள தொட்டிக்குப் போய்விடும்.

ஜப்பான் நாட்டின் டோக்கியோவில் கொக்குகிகான் என்று பெரிய சுமோ மல்யுத்த அரங்கம் உண்டு. 1985-இல் திறந்தது. அதன் பிரம்மாண்டமான கூரையில் விழும் மழை, அடியிலுள்ள 10 லட்சம் லிட்டர்த் தொட்டியில் சேர்கிறது. கழிவறைகளுக்கும், கட்டடத்தைக் குளிர வைக்கவும் அந்தத் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். குண்டு குண்டு மல்யுத்த வீரர்களுக்கும் மழைதான் துணை!

இந்த வாரம் உங்கள் வேலை

வீண் செலவு செய்பவரைப் பார்த்து, "பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இனி நாம் அதை மாற்றிச் சொல்ல வேண்டியதுதான். தண்ணீரைப் பணம் போலச் செலவழிப்போம். எண்ணி எண்ணி!

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் வீட்டு மாடியின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். நேரான பக்கங்கள் கொண்ட ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, மழை நின்றதும் அதில் எத்தனை மில்லி மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று அளவுகோலால் அளங்கள். இரண்டையும் பெருக்குங்கள். இன்று உங்கள் வீட்டு மாடியில் எத்தனை லிட்டர் விழுந்தது என்று தெரிந்துவிடும். அதில் எத்தனை வாளி பிடித்தீர்கள், எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்றும் எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்தக் கணக்கை அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள். வகுப்பில் ஆசிரியரிடமும் காட்டுங்கள். உங்கள் பள்ளியின் மாடி எவ்வளவு பெரியது என்று அப்போது எல்லோருமே யோசிப்பார்கள்!

ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஆயி தன் வீட்டையே இடித்தார். நீங்கள் வீட்டை இடிக்க வேண்டாம். மழை வரும்போது மாடிக் குழாய்க்குக் கீழே ஒரு வாளியை வையுங்கள், போதும்.

என்ன நண்பர்களே, மேகம் கறுக்கிறதா? வாளி தயாரா?